மாற்றிக்கொண்ட மாத்திரை

கடலூர்
12.3.2007

மச்சானுக்கு,

போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் இதை நானே எழுதுகிறேன். வளர்கல்வி வகுப்பில் கற்ற எழுத்து. எழுத எழுதச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

இருதய நோய்க்கு எது நன்றாகக் கேட்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க, சிதம்பரம் டாக்டர் உனக்கு ஒரு மாத்திரையும் எனக்கு வேறொன்றும் மூன்று மாதத்துக்குக் கொடுத்தார். எனக்குக் கிறுகிறுத்தது. நீ கைவீசி நடந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை.

“பொண்ணையே குடுத்த வூடு, மாத்திரையக் குடுக்க மாட்டியா?” என்றேன். சிரித்துக்கொண்டே மாற்றிக்கொண்டாய்.

பிறகு, “உன் மாத்திரையாலதான் மூச்சு இழுக்குது மாமா” என்று வந்து நின்றாய். “மொதல்ல பீடிய வுடுறா” என்று உன் அக்கா எதிரிலேயே கேலி செய்தேன். அன்று போனவன்தான் நீ.

மாத்திரையோடு டாக்டர் கொடுத்த தாளை நேற்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். என் மாத்திரை மூச்சிளைப்புக்காரர்களுக்கு ஆகாதாம். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்தாம். கடிதம் கண்டதும் சிதம்பரம் போ. நடந்ததை அப்படியே சொல்.

போன வாரம் டாக்டர் என் நாடியைப் பார்த்து, “ஒங்க மாத்திர நல்லா கேக்குது பெரியவரே” என்று எழுதிக்கொண்டார். அது உன் மாத்திரை என்று நான் சொல்லவில்லை.

உன் மாமா