கழற்றாமல் விட்ட கண்ணாடி

உங்கள் தம்பி இன்று காலை வந்து காமிராவைக் கேட்டார். பரணிலிருந்து இறக்கி உறையைத் திறந்ததும் பூஞ்சை பிடித்த தோல் வாசனை முகத்தில் அடித்தது. காமிராவுக்கு அடியில், பஞ்சில் சுற்றி, அந்தச் சின்ன வட்டக் கண்ணாடி. "இது எதுக்கு அண்ணி?" என்றார். லென்ஸின் முன்னால் திருகி மாட்டினால் எறும்பின் மீசைகூடத் தெரியும் என்று சொன்னேன். காமிராவை மட்டும் கொடுத்தனுப்பிவிட்டு, இதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கண்டோன்மென்டில் ஒரு பழைய சாமான் கடையில் இதை வாங்கி வந்த அன்று உங்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. பெரிய லென்ஸுக்கு நாம் எங்கே போவது, இந்த மலிவுக் கண்ணாடியே போதும் என்றீர்கள். அன்றிலிருந்து ஸ்ரீராம்புரத்துச் சந்தில் நம் வீட்டுக் கொல்லையே உங்களுக்கு லால்பாக் பூந்தோட்டம் ஆகிவிட்டது. தும்பைப் பூ, கறிவேப்பிலைப் புழு, எதையும் விடவில்லை. இந்தக் கண்ணாடிக்கு ஒரு முழம் தள்ளிப் போனாலும் எல்லாம் கலங்கிவிடும், தூரம் இம்மி பிசகக் கூடாது என்று காமிராவில் ஒரு நூலைக் கட்டி, அதன் நுனியைப் பூவில் தொட்டபடி என்னை நிற்க வைப்பீர்கள். உள்ளே சோறு குழைந்துகொண்டிருக்கும். கட்டினவள் முகத்தை என்றைக்காவது இப்படி உற்றுப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். "நீ அசையாம நின்னா பாக்கலாம்" என்றீர்கள்.

நம் கௌரியை மட்டும் எடுக்கவில்லை. ஐந்து வயது முடியுமுன் குழந்தையைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று உங்கள் அம்மா சொல்லிவைத்திருந்தார். நாம் அதை நம்பவும் இல்லை, மீறவும் இல்லை. ஐந்து முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி கப்பன் பார்க்குக்கு அழைத்துப் போனோம். ஒரு முழு ஃபிலிம் சுருளையும் அவளுக்கே செலவழித்தீர்கள். நீங்கள் கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல் லென்ஸுக்கு மேலே தனியாக இருந்தது. அதில் அவள் தெளிவாகத்தான் தெரிந்தாள். காலையில் தும்பைப் பூவுக்காக மாட்டிய கண்ணாடி லென்ஸிலேயே இருந்ததை நீங்கள் கவனிக்கவில்லை.

அடுத்த வாரமே தொண்டை அடைப்பான் வந்து அவளைக் கொண்டுபோயிற்று. காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் சுருளைக் கழுவக் கொடுத்தீர்கள். படங்களை வாங்கப் போனபோது நானும் கூட வந்தேன். ஸ்டுடியோக்காரருக்கு நடந்தது எதுவும் தெரியாது. "என்னா சார், கிட்டத்துல எடுக்கிற கண்ணாடியக் கழட்டவே இல்லியா? எல்லாம் மஞ்சு மூடின மாதிரி இருக்குது" என்று சிரித்தார். பாவாடையும் மரமும் ஒன்றாகக் கரைந்துபோயிருந்தன. ஒரே ஒரு படத்தில், காமிராவைப் பிடுங்க ஓடி வந்து அவள் நீட்டிய கை மட்டும் நக அழுக்கு முதற்கொண்டு துல்லியமாக விழுந்திருந்தது. அதற்குப் பின்னால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறலாக என்னவோ இருந்தது.

நடுத்தெருவில் நின்று உங்களைக் கேட்டேன்: "எறும்புக்குக்கூட முகம் இருக்குது. எம் பொண்ணுக்கு இல்லியே?" அதன் பிறகு நீங்கள் காமிராவைத் தொடவே இல்லை.

படம் இல்லாத குறையைப் பேசியே தீர்த்துக்கொண்டோம். சாப்பிட்டு முடித்தால் அதே பேச்சுத்தான். புருவம் உங்கள் அம்மாவுடையது, மேல்பல் ஒன்று லேசாக முன்னால் வந்திருக்கும். இதிலெல்லாம் நமக்குள் தகராறு இல்லை. கன்னக்குழியில்தான் சண்டை. இடது கன்னம் என்பேன். "வலதுதான். காமிரா வழியாப் பாத்தவன் நானு" என்பீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கும்போதும் விட்டுக்கொடுக்கவில்லை.

நீங்கள் போன பிறகு அந்தப் பேச்சும் நின்றுவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. கண்ணை மூடினால் குழி இடது கன்னத்தில் விழுகிறது. கொஞ்ச நேரத்தில் வலது கன்னத்துக்குப் போய்விடுகிறது. அப்புறம் கன்னமே தெரிவதில்லை. வலது என்று நீங்கள் ஒரு முறை அடித்துச் சொன்னால் போதும், இந்தத் தடவை ஒத்துக்கொண்டுவிடுவேன். இன்று வாய்விட்டு, இடதுதான் என்று சொல்லிப் பார்த்தேன். இல்லை என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை.