தற்காலிகம் என்று எழுதிய முன்னூற்று நாற்பது பேர்

மார்ச் 3, செவ்வாய்

பதினாறு வருடங்களுக்கு முன் கடல் தாண்டிப் போன தொழிற்சாலையை, வரி விலக்கும் இடமும் தருகிறோம், திரும்பி வா என்று அரசு அழைக்கலாமா? எனக்குத் தெரியாது. இருபத்து நான்கு வருடமாகத் தொழில்துறையில் புள்ளிவிவரம் பார்க்கிறேன், பொருளாதாரத்தில் பட்டம் வேறு. இருந்தும் தெரியாது. பதினெட்டாம் தேதிக்குள் தெரிந்தவள் போல ஒன்றரைப் பக்கம் எழுதித் தர வேண்டும்.

கோப்பு இன்று காலை மேசைக்கு வந்தது. ஜிப் தொழிற்சாலை. பெயரைப் பார்த்ததும் அண்ணன் நினைவு. அங்கே பதினான்கு வருடம் செட்டராக இருந்தார். நாடாவில் பல் பதிக்கிற இயந்திரத்தைச் சரியான இடைவெளிக்குத் திருகி வைக்கும் வேலை. முதலில் வருகிற சில ஜிப்களைக் காதோரம் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். ‘சர்’ என்று ஒரே மூச்சாகப் போனால் சரி. நடுவில் ‘கிர்க்’ என்றால் திருகாணியை மறுபடி தொட வேண்டும்.

அரசுக்குச் சொந்தமான அந்தக் கொட்டகை இப்போது கிடங்கு. வெளிநாட்டு ஜிப் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. வாசலில் அண்ணன் காவலாளி. உள்ளே விலைச்சீட்டு ஒட்டும் இருபத்தாறு பெண்களில் ஒருத்தி அண்ணி. தொழிற்சாலை திரும்பினால் கிடங்கு காலி செய்ய வேண்டும்.

இயக்குநரிடம் சொன்னேன், என் வீட்டு ஆட்கள் இதில் இருக்கிறார்கள், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று.

“இந்த ஊர்ல யாருக்குத்தான் அங்க அண்ணன் தம்பி இல்ல? எனக்கே ஒரு மச்சான் இருந்தாரு. வெளியூர்க்காரங்களை வாடகைக்கா எடுக்க முடியும்? நீங்களே எழுதுங்க.”

மார்ச் 5, வியாழன்

காலையில் ‘அழைக்கலாம்’ என்று ஒரு பத்தி. எல்லாவற்றுக்கும் ஒரே துறைமுகத்தை நம்பியிருந்தால் அந்தப் பக்கம் ஒரு கப்பல் நின்றால் இந்தப் பக்கம் தையல் இயந்திரமும் நிற்கும். கையில் தொழில் இருந்தால்தான் அடுத்த தொழில் முளைக்கும். மதியம் ‘வேண்டாம்’ என்று ஒரு பத்தி. மலிவு தேடிப் போனவர்கள், இன்னும் மலிவு கிடைத்தால் மறுபடி போக மாட்டார்களா? சலுகை முடிகிற அன்றே மூட்டை கட்டினால் யார் கையைப் பிடித்து நிறுத்துவது?

இரண்டையும் படித்தேன். இரண்டையும் எழுதியவள் கெட்டிக்காரியாகத்தான் தெரிகிறாள். அதுதான் எரிச்சல்.

நிறுவனத்தின் விண்ணப்பத்தில் ஒரு வரி: ‘பயிற்சி பெற்ற 340 தொழிலாளர்கள் உள்ளூரிலேயே வேலைக்குக் காத்திருக்கின்றனர். ஆதாரம்: அரசுப் பதிவு.’ மந்திரி பேச்சிலும் இதே எண். பதினாறு வருடமாகக் காத்திருக்கிறார்களா? யார் எண்ணியது?

கைப்பையின் ஜிப் மாட்டிக்கொண்டது. பேருந்தில் பயணச்சீட்டு எடுக்கப் பையோடு மல்லுக்கட்டினேன்.

மார்ச் 6, வெள்ளி

நான்தான்.

பதிவறை எழுத்தர் பழைய படிவக் கட்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்து வைத்தார். “மேடம், கோவிச்சுக்காதீங்க. இது உங்க கையெழுத்து மாதிரி இருக்கு.”

மாதிரி என்ன, என்னுடையதேதான். ஆலை மூடிய வாரம் என்னைத்தான் கணக்கெடுக்க அனுப்பினார்கள். படிவத்தில் இரண்டு கட்டங்கள்: ‘தொழிலை விட்டவர்’, ‘தற்காலிகமாக வேலை இல்லாதவர்’. வரிசையில் முதலில் நின்றவர் அண்ணன். “தற்காலிகம்னு போடு. மெஷினைத்தான் தூக்கிட்டுப் போறாங்க. தரையில இருக்கிற போல்ட்டைப் பாரு, ஒண்ணைக் கூடக் கழட்டல. திரும்பி வருவாங்க” என்றார். போட்டேன். அடுத்தவரிடம் கேட்கவே வாய் வரவில்லை. அந்த முகங்களைப் பார்த்து ‘தொழிலை விட்டவரா’ என்று எப்படிக் கேட்பது? முன்னூற்று நாற்பது பேருக்கும் ஒரே கட்டத்தில் குறியிட்டேன்.

ஆண்டுதோறும் மறுபடி விசாரிக்க வேண்டும் என்பது விதி. விசாரிக்க ஆள் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் யாரோ ‘மாற்றம் இல்லை’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒன்பது வருடம் கீழே கையெழுத்து என்னுடையது. படித்துப் பார்த்தா போட்டேன்?

எண்களை நம்பாதவள் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர்.

மார்ச் 8, ஞாயிறு

மதியம் அண்ணன் வீட்டில் சாப்பாடு. கோப்பு விஷயம் ஊருக்கே தெரிந்திருக்கிறது.

“வந்தாச்சு பாரு ஆபீசரம்மா” என்றார் அண்ணி. “உங்க தங்கச்சி பேனாவை எப்படி சாய்க்கிறாளோ அப்படித்தான் நம்ம வீட்டு உலை.”

“அவளை ஏன் இழுக்கிற? ஃபேக்டரி வந்தா எனக்கு வேலை வரும்ல?”

“உங்களுக்கு வரும்னு நீங்க சொல்றீங்க. எனக்குப் போகும்னு ஊரே சொல்லுது. பெட்டியில வர்ற ஜிப்பு நின்னா நான் எதுல சீட்டு ஒட்டுறது, உங்க நெத்தியிலயா?”

அண்ணன் சிரித்துவிட்டார். நானும்.

கட்டத்தில் குறியிட்ட கதையைச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாமோ? அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டு கேட்டார், “இப்ப அதைத் திருத்தப் போறியா?”

“பொய்யா இருக்கே, அண்ணா.”

“நான் சொன்னது பொய் இல்லம்மா. அப்ப அது நிஜம்.”

கைப்பையைக் காட்டினேன். இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “பல் இடைவெளியே தப்பு. இதையெல்லாம் சரி பண்ண முடியாது. தூக்கிப் போடு.”

மார்ச் 9, திங்கள்

திருத்தினால் கோப்பு விழுந்துவிடும். அண்ணன்? திருத்தாவிட்டால் நான்?

மார்ச் 12, வியாழன்

மூன்று நாளாக எழுத்தரும் நானும் பட்டியலை வைத்துக்கொண்டு தொலைபேசியில். அவருக்கு இது பிடித்துவிட்டது, குரலைக் கனமாக்கிக்கொண்டு பேசுகிறார்.

ஒருவர்: “தற்காலிகமாவா? மேடம், அப்ப என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ். இப்ப அவளுக்குக் குழந்தையே பொறந்தாச்சு.”

ஒருவர் தையல்காரராகிவிட்டார். “நம்ம ஜிப்பு வரட்டும், நல்லதுதான். ஆனா விலையை ஏத்தினா நான் வாங்க மாட்டேன், சொல்லிட்டேன்.” செட்டராக இருந்தவர் சொல்கிறார் இதை!

ஒரு வீட்டில் மனைவி எடுத்தார். “அவர் தவறி ஆறு வருஷம் ஆச்சுங்க.” கொஞ்சம் நிறுத்தி, “வேலை ஏதும் வந்திருக்கா?”

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எழுத்தர் எழுந்து போய்த் தேநீர் வாங்கி வந்து என் பக்கம் தள்ளினார்.

முன்னூற்று நாற்பதில் ‘கூப்பிட்டால் வருகிறேன்’ என்றவர்கள் பதினொருவர். அதில் செட்டர்கள் நால்வர், அண்ணனையும் சேர்த்து.

மார்ச் 15, ஞாயிறு

பேருந்திலிருந்து இறங்கிக் கிடங்கு வழியாக நடந்தேன். ஞாயிறும் அண்ணனுக்குக் காவல். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, கிழிந்த பெட்டியிலிருந்து விழுந்த ஒரு ஜிப்பைக் காதோரம் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார். மேலே, கீழே, மறுபடி மேலே. இடது காது. முன்பெல்லாம் வலது.

என்னைப் பார்த்ததும் பையில் போட்டுக்கொண்டார். அவராகவே சொன்னார்: “வலது பக்கம் கொஞ்சம் மந்தம். அவகிட்ட சொல்லாத. அங்க எடுத்துக்கும்போது காது டெஸ்ட் வைப்பாங்களா?”

தெரியாது என்றேன். இந்த மாதம் இந்தச் சொல்லைத்தான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

இயக்குநரிடம், ‘என்னால் முடிவு சொல்ல இயலவில்லை’ என்றே எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். “தெரியாதுன்னு சொல்றதுக்கு மேல எங்களை மாதிரி ஆளுங்க இருக்கோம். நீங்க தெரிஞ்ச மாதிரி எழுதணும்” என்றார்.

எழுதினேன். முதல் பத்தியில் பழைய பதிவு தவறு, தவறு என்னுடையது, 340 அல்ல 11. கடைசிப் பத்தியில்: அனுமதிக்கலாம், கிடங்கில் வேலை செய்யும் பெண்களுக்கு முதலில் இடம் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு.

‘அனுமதிக்கலாம்’ என்று எழுதியது யார்? பொருளாதாரம் படித்தவளா, இடது காதில் ஜிப் இழுத்தவரின் தங்கையா? நிபந்தனை அண்ணிக்காக. அப்படியானால் இந்த ஒன்றரைப் பக்கத்தில் நாட்டுக்காக எழுதியது எது? எவ்வளவு தேடியும் பிரித்தெடுக்க முடியவில்லை. வேறொருத்தி எழுதியிருந்தாலும் அவளுக்கும் ஒரு அண்ணன் இருந்திருப்பான் என்று சொல்லிக்கொள்கிறேன். போதுமா அது?

மார்ச் 18, புதன்

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பதினொன்று என்ற எண்ணைப் பார்த்த பிறகு யார் சலுகை தருவார்கள்? நாளை கோப்பு விழும். அண்ணனிடம் நானேதான் சொல்ல வேண்டும்.

மார்ச் 19, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு இயக்குநர் கூப்பிட்டார். என் எதிரிலேயே நிறுவனத்து மேலாளருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். “சார், பட்டியல்ல உண்மையா வர்றவங்க பதினோரு பேர்தான்” என்றார்.

அந்தப் பக்கம் சிரிப்பு. “தாராளம் சார். எங்களுக்கு வேண்டியதே ஒன்பது பேர். புது மெஷின், எல்லாம் அதுவே பாத்துக்கும்.”

நான் இரண்டு வாரம் சுமந்த எண் அங்கே யாருக்கும் தேவையாகவே இருக்கவில்லை.

மதியம் கோப்பு கையெழுத்தாகிவிட்டது. என் நிபந்தனையில் ‘தர வேண்டும்’ என்பதை அடித்து ‘தருவது குறித்துப் பரிசீலிக்கலாம்’ என்று பச்சை மையில் மாற்றியிருந்தார்கள். மாலைச் செய்தியில் முன்னூற்று நாற்பது பேர் என்றே சொன்னார்கள்.

நான் போவதற்கு முன்பே அண்ணனுக்கு அழைப்பு வந்திருந்தது. திங்கட்கிழமை பெயர் பதிய வரச் சொன்னார்களாம். செட்டர் என்று ஒரு வேலையே இல்லையாம். இடைவெளியை மெஷினே வைத்துக்கொள்ளும், சத்தத்தையும் அதுவே கேட்டுக்கொள்ளும். நாடா தீர்ந்தால் மாற்ற வேண்டும், நிறைந்த பெட்டியை நகர்த்த வேண்டும்.

“காது டெஸ்ட் உண்டான்னு கேட்டீங்களா?” என்றேன் மெதுவாக.

“இல்லையாம்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. சரின்னுட்டேன்.” எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

கிடங்கைக் காலி செய்ய மூன்று மாதம். நோட்டீஸ் ஒட்டிவிட்டார்களாம். அண்ணி கை நீட்டினார். “பையைக் கொண்டா” என்று என் கைப்பையை வாங்கி, ஒரு மெழுகுவத்தித் துண்டால் ஜிப்பின் பல் வரிசையில் மேலும் கீழும் அழுத்தித் தேய்த்தார். ரன்னரை இழுத்தார். கிர்க் என்றது. மறுபடி தேய்த்து இழுத்தார். போனது.

பையை என் மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்: “மூணு மாசம் கழிச்சு எங்களையும் கணக்கெடுக்க வருவல்ல? அப்ப என்னை எந்தக் கட்டத்துல போடுவ?”

நான் ஜிப்பைத் திறந்து மூடினேன்.

“தற்காலிகம்னே போட்டுடு” என்றார். “அது பதினாறு வருஷமா நல்லா ஓடுது.”