ஜெனியின் போனை நான் பிடுங்கவில்லை, அப்பா

கோபத்தில்கூட என்னைத் 'தங்கம்' என்றே கூப்பிட்ட என் அப்பாவுக்கு,

உங்கள் இரண்டாம் வருட நினைவு நாளன்று கல்லறைக்குப் போய்விட்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் உங்கள் பேத்தி ஜெனி ஒரு நிமிட வீடியோ போட்டாள். "இது எங்க தாத்தா. ஆம்பூர்ல தோல் டேனரியில முப்பது வருசம் சுண்ணாம்புக் குழியில நின்னவரு. நான் பத்தாவது படிக்கிறேன்னா இவர் ஒழைப்புதான்" என்று உங்கள் படத்தைக் காட்டிச் சொன்னாள்.

மறுநாளே ஆரம்பித்தது. "நாத்தம் போன் வரைக்கும் அடிக்குது" என்று ஒருவன் எழுதினான். அப்புறம் அவள் பெயரிலேயே ஒரு போலிக் கணக்கு. செத்த மாட்டின் உடம்பில் அவள் முகத்தை ஒட்டியிருந்தார்கள். கீழே நம் தெருவின் பெயர், சாதியைச் சொல்லித் திட்டு. உங்களையும் விடவில்லை. நான்கு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றபோதுதான் எனக்கே காட்டினாள்.

"போனைப் புடுங்கி பீரோவுல வை அக்கா. கம்முனு இருந்தா தானா அடங்கிடும்" என்றான் தம்பி. அப்படியே உங்கள் குரல்.

நான் பன்னிரண்டாவது படித்தபோது நடந்தது நினைவிருக்கிறதா? திருவிழாவில் யாரோ போனில் எடுத்த என் படத்தில் அசிங்கமாக எழுதி, பஸ்ஸில் பையன்கள் ப்ளூடூத்தில் அனுப்பிக்கொண்டார்கள். எடுத்தவனை நீங்கள் தேடவில்லை. என் படிப்பைத்தான் நிறுத்தினீர்கள். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. அடுத்த மாதமே ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். பயத்தில் செய்தீர்கள், தெரியும். ஆனால் அந்தப் பஸ் பையன்கள் படித்து முடித்தார்கள், நான் முடிக்கவில்லை. நீங்கள் உயிரோடு இருந்தபோது இதை ஏன் உங்களிடம் சொல்லாமல் விட்டேன்?

அதனால்தான் ஜெனியின் போனை நான் பிடுங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல இன்னா இன்னா செய்யலாம், எனக்குச் சொல்லிக் குடு" என்றேன்.

எதையும் அழிக்காமல், தேதியும் கணக்கின் பெயரும் தெரிய எல்லாவற்றையும் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். இன்னொரு வசதியும் உண்டு. திட்டும் வார்த்தைகளைப் பட்டியலாகக் கொடுத்துவிட்டால், அந்த வார்த்தை உள்ள கமெண்ட்டுகள் தானாக மறைந்துவிடும். ஆனால் போனுக்கு நம் ஊர்த் திட்டு தெரியாது. ஒரே கெட்ட வார்த்தையை இங்கிலீஷ் எழுத்தில் நாலு விதமாக எழுதுகிறார்கள். நாம்தான் ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். ஜெனிக்கு அதையெல்லாம் வாயால் சொல்லவே கூசியது.

மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் என் லைனில் தைக்கும் பெண்களிடம் சொன்னேன். "எழுதிக்கோம்மா. கொழாயடியில நான் கேட்டதே ஒரு நோட்டு வரும்" என்றார் நூர் அக்கா. ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். மெஷினுக்குப் போய்விட்ட முனியம்மா திரும்பி வந்து, "இத்த உட்டுட்ட பாரு" என்று இன்னொன்று சொன்னாள். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான். சாயங்காலம் எல்லோரும் அவரவர் போனிலிருந்து அந்தப் போலிக் கணக்கின் மேல் புகார் அனுப்பினார்கள். மூன்றாம் நாள் அது காணாமல் போனது. அடுத்த வாரம் வேறு பெயரில் முளைத்தது. அதையும் விடவில்லை.

சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் கொடுத்தோம். போலீஸ் விசாரித்ததில், செய்தது அவள் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் என்று தெரிந்தது.

தலைமையாசிரியர் அந்தப் பையன்களையும் எங்களையும் கூப்பிட்டார். "பசங்க வெளையாட்டா செஞ்சிட்டாங்க. பொண்ணு பேரு வெளிய வரும். வாபஸ் வாங்கிடுங்கம்மா" என்றார்.

நான் வாய் திறக்கும் முன் ஜெனி பேசினாள். "எம்பேர அவங்க ஏற்கெனவே போட்டுட்டாங்க சார். வாபஸ் வாங்க மாட்டோம்."

நான் அச்செடுத்துப் போன ஸ்கிரீன்ஷாட் பக்கங்களை மேசைமேல் வைத்தேன். ஒரு பையன் அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

விசாரணை இன்னும் முடியவில்லை. ஜெனி பள்ளிக்கூடம் போகிறாள். சில நாள் அவள் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லையாம். அந்த மாட்டுப் படம் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. அதை மறைக்கும் வசதி எந்தப் போனிலும் இல்லையே அப்பா.

இப்போது ஞாயிறு பூசை முடிந்ததும் லைன் பெண்கள் தங்கள் பிள்ளைகளோடு ஆலய மண்டபத்துக்கு வருகிறார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுப்பது, புகார் கொடுப்பது எல்லாம் ஜெனி சொல்லிக்கொடுக்கிறாள். போன வாரம் ஒரு பதினோராம் வகுப்புப் பெண் தன் போனைக் காட்டவே பயந்தாள். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்திடுவாரு ஆன்ட்டி" என்று அழுதாள்.

நாளைக்கு அவள் வீட்டுக்குப் போகிறேன். உங்களிடம் பேசாமல் விட்டதையெல்லாம் அந்த அப்பாவிடம் பேசிவிட்டுத்தான் வருவேன். அவர் கதவைச் சாத்தினால் வாசலில் நின்று பேசுவேன்.

உங்கள் மேல் கோபம் தீராத, பாசமும் தீராத
உங்கள் மூத்த மகள்,
ஜெனியின் அம்மா,
ஸ்டெல்லா