ஏழு நூலுக்கு ஒரு மயிரிழை குறைவு

ஷார்ஜா
4.8.2007

பிரியமுள்ள பூங்கனிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலம். நீயும் ஜினிஷாவும் சுகமாக இருப்பீர்கள். கடையில் தங்கையனும் மெஷினும் சுகம்தானே?

லீவில் வருகிற சிஜின் கையில் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறேன். மிட்டாய் டப்பாவுக்கு அடியில், துண்டில் சுற்றி ஒரு சாமான் இருக்கும். மிட்டாயைத் தின்றுவிட்டு அதை மறந்துவிடாதே. அது நம் இழைப்பு மெஷினுக்குக் கண். இங்கே கம்பெனியில் எல்லா மெஷினிலும் பலகையின் கனம் எண்ணாகவே தெரிகிறது. சக்கரத்தைச் சுற்ற மேசை ஏறும், இறங்கும். எண்ணும் கூடவே ஓடும். நம்முடையது போன்ற பழைய மெஷினுக்கும் இதைத் தனியாக வாங்கி மாட்டலாம் என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

எஃகுப் பட்டையை மெஷினின் உடம்பில் திருகுங்கள். எண் காட்டும் சின்னப் பெட்டி மேசையோடு சேர்ந்து நகர வேண்டும். பிறகு ஒரு பலகையை இழைத்து, காலிப்பரால் அளந்து, அந்த எண்ணையே பெட்டியில் ஏற்றுங்கள். ஒரு தடவை ஏற்றினால் போதும், அது மறக்காது.

புது ஆலயத்துக்குப் பெஞ்சு செய்ய, மாதிரியைப் பார்த்துவிட்டு ஆர்டர் தருவதாகச் செயலர் செல்வதாஸ் சார் சொன்னதாக எழுதியிருந்தாய். பலகையெல்லாம் இருபத்திரண்டு மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று ஏற்ற இறக்கம் கூடாது. அந்த ஆர்டர் கிடைத்தால் கடை நிலைத்துவிடும். கடை நிலைத்தால் நான் வருவேன். இல்லையென்றால் நவம்பரில் விசா புதுப்பிக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டியதுதான். இன்னும் மூன்று வருஷம்.

உன்
யேசுரத்தினம்

நெய்யூர்
2.9.2007

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். இந்தத் தடவை மெஷினை எங்களுக்குப் பிறகு விசாரித்திருக்கிறீர்கள், முன்னேற்றம்தான். போனில் சொன்னால் "சரி சரி" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். குறுக்கே பேச முடியாது.

உங்கள் கண்ணை மாட்டிவிட்டோம். தங்கையன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். "மைனி, இது மில்லிமீட்டருல்லா காட்டுது. நமக்கு நூலுதானே தெரியும்? ஒரு இஞ்சிக்கு எட்டு நூலு" என்றான். ஜினிஷா கணக்குப் போட்டு, "மாமா, இருபத்திரண்டுண்ணா ஏழு நூலுக்கு ஒரு மயிரிழை குறைவு" என்றாள். அதன் பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. சக்கரத்தைச் சுற்றும்போது எண் ஓடுவதைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் வந்து நின்றார்கள். எனக்கே கை பரபரத்தது. நானும் இரண்டு சுற்றுச் சுற்றினேன், யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஆனால் ஒரு கோளாறு. மாதிரிப் பெஞ்சுக்கு அயினி மரப் பலகையை மூன்று நாளாக இழைத்தோம். ஒரே நாளில் இழைத்தவை எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல இருக்கின்றன. நேற்றையதையும் இன்றையதையும் சேர்த்து வைத்தால் கால் நூல் ஏறி நிற்கிறது. பெட்டியில் மட்டும் எல்லா நாளும் இருபத்திரண்டுதான். நாங்கள் அதை நம்பிப் பெஞ்சைச் செய்தும்விட்டோம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து செல்வதாஸ் சார் வெள்ளை வேட்டியோடு வந்து உட்கார்ந்தார். எழுந்தபோது ஏறி நின்ற பலகை விளிம்பு வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டது. "பூங்கனி, இது பெஞ்சா, படிக்கட்டா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நல்ல மனுஷர், அடுத்த மாதம் இன்னொரு தடவை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் போன பிறகு எனக்கு அழுகை வந்தது. என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

உங்கள்
பூங்கனி

ஷார்ஜா
16.9.2007

பூங்கனிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. இதே சாமானை இங்கே ஒரு பழைய மெஷினில் நானே மாட்டினேன். மயிரிழை பிசகவில்லை. ஆகவே கோளாறு அங்கேதான். பட்டையின் திருகு தளர்ந்திருக்கும். இல்லையென்றால் பிளேடு ஒரு பக்கம் தூக்கி நிற்கும். மரத்தூள் புகுந்திருக்கும், ஊதி எடு. தங்கையன் தேங்காய் எண்ணெய் விட்டிருப்பான், அவனுக்கு எதைக் கண்டாலும் எண்ணெய் விட வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்.

நான் பக்கத்தில் இல்லாமல் அங்கே ஒரு வேலையும் ஒழுங்காக நடக்காது என்று தெரிந்துதான் இருந்தது. இதையெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் மெஷினை விற்றுவிடு. முதலாளி விசாத் தாளை இப்போதே மேசையில் வைத்துவிட்டார். நான் என்ன ஆசைக்கா இங்கே கிடக்கிறேன்?

யேசுரத்தினம்

நெய்யூர்
14.10.2007

அன்புள்ள அத்தானுக்கு,

மெஷினை விற்கும் பேச்சை இன்னொரு தடவை எடுத்தால் இங்கிருந்து கடிதம் வராது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது உட்கார்ந்து படியுங்கள். நின்றுகொண்டிருந்தால் விழுந்துவிடுவீர்கள்.

திருகு தளரவில்லை. பிளேடு சரி. தூளும் இல்லை. பாவம், தங்கையன் எண்ணெயும் விடவில்லை. எல்லாம் பார்த்து அலுத்து, ஒரு நாள் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் நேரத்தோடே கடைக்குப் போனேன். தங்கையன் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தான். சோற்றுப் பாத்திரப் பையிலிருந்து பீஸ் கட்டையை எடுத்து மாட்டினான். அது உங்கள் காலத்திலிருந்தே வழக்கம், இடி மின்னலுக்குப் பயந்து சாயங்காலம் கழற்றிக்கொண்டு போவது. பிறகு பையைத் துழாவி, ஒரு பொட்டணத்தைப் பிரித்து, பொட்டு மாதிரி ஒன்றை எடுத்து உங்கள் பெட்டியின் முதுகில் போட்டான்.

"தங்கையா, அது என்னடே?" என்றேன்.

"பேட்டரி, மைனி. தெனமும் சாயங்காலம் பீஸோட சேத்து இதையும் ஊரி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். இடி வெட்டினா போவாதா? சாதனம் வெளிநாட்டுலேருந்து வந்ததுல்லா?"

"ஊரினா அது எண்ணை மறந்துராதா?"

"மறந்துரும், மைனி. அதுக்கென்ன? காலம்பற பழைய தகட்டு ஸ்கேல்ல கண்ணால ஒரு இஞ்சி பாத்து மேசையை நிறுத்தி, நானே பட்டனை அமுக்கி ஏத்திருவேன்."

கேட்டீர்களா? தினமும் காலையில் அவன் கண் எங்கே நின்றதோ, அன்றைக்கு அதுதான் இஞ்சி. உங்கள் ஷார்ஜாச் சாமான் தங்கையன் கண்ணைத்தான் இத்தனை நாளும் எண்ணாக எழுதிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. "யாருடே உன்னை ஊரச் சொன்னது?" என்றேன். அவன் சுவரைக் காட்டினான். மோட்டார் கரிந்துபோன வருஷம் நீங்கள் உங்கள் கையால் பெயின்டில் எழுதியது இன்னும் இருக்கிறது: "கடை பூட்டும்போது கரண்டுச் சாமான் எல்லாம் கழற்றவும்." நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அவனும் சிரித்தான். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் இங்கே வேலை நடக்காது என்று எழுதினீர்களே, நீங்கள் சொன்னபடி நடந்ததால்தான், அத்தான், கெட்டது! ஜினிஷா இப்போது அதன் கீழே "பேட்டரி நீங்கலாக" என்று எழுதி வைத்திருக்கிறாள்.

அன்றைக்கே ஒரு பலகையை அளந்து எண்ணை ஏற்றினோம். பிறகு யாரும் பேட்டரியைத் தொடவில்லை. ஒரு வாரம் இழைத்த பலகைகளை அடுக்கி விரலை ஓட்டினேன், எது எந்த நாள் என்று எனக்கே தெரியவில்லை. செல்வதாஸ் சார் அதே வேட்டியோடு வந்தார். புதுப் பெஞ்சின் ஒரு நுனியில் உட்கார்ந்து மறு நுனி வரைக்கும் சர்ரென்று வழுக்கிக்கொண்டே போனார். ரிட்டயரான வாத்தியார், அத்தான்! திரும்பவும் ஒரு தடவை வழுக்கினார். ஆர்டர் தந்துவிட்டார், ஆலயம் முழுக்க இனி நம் பெஞ்சுதான்.

சிஜின் திரும்பி வருகிறான். நேந்திரங்காய் வற்றலோடு ஒரு பலகைத் துண்டும் கொடுத்துவிடுகிறேன். நீங்களே அளந்து பாருங்கள்.

உங்கள்
பூங்கனி

ஷார்ஜா
2.11.2007

என் பூங்கனிக்கு,

சுவரில் எழுதியது நான்தான். வேறு என்ன சொல்ல? தங்கையனிடம் நான் சிரித்ததாகச் சொல். அறையில் எல்லாருக்கும் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். ஒருவன் கட்டிலிலிருந்தே விழுந்துவிட்டான்.

துண்டு வந்த அன்றே அளந்தேன். சரியாக இருபத்திரண்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் கட்டில் பக்கத்தில் வைத்திருந்தேன். பத்துப் பதினைந்து நாள் கழித்து, சும்மா எடுத்து இன்னொரு தடவை அளந்தேன். இருபத்தொன்று புள்ளி எட்டு. உன்னைத் திட்டி எழுதப் பேனாவை எடுத்தவன் அப்படியே நிறுத்திவிட்டேன். உன் மேல் தப்பில்லை. இந்த ஏ.சி. அறைக் காற்றில் நம் ஊர் மரம் ஈரம் வற்றிச் சுருங்கிவிட்டது. என் பெல்ட்டிலும் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருக்கிறேன், இதுவரை உனக்கு எழுதவில்லை.

ஆர்டர் கிடைத்தால் வருவேன் என்று எழுதினேன். கிடைத்த பிறகு பயமாக இருக்கிறது. நான் இல்லாமலே கடை நடக்கிறது, கோளாறைக் கூட நீயே கண்டுபிடித்துவிட்டாய். நான் வந்து என்ன செய்யப் போகிறேன்? விசாத் தாள் இன்னும் மேசையில் கிடக்கிறது. பறக்காமல் இருக்க உன் மரத்துண்டை அதன்மேல் வைத்திருக்கிறேன். நீ சொல்.

உன்
யேசுரத்தினம்

நெய்யூர்
11.11.2007

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நல்ல மழை. கடைக் கதவு ஈரம் குடித்துப் பருத்து அடைபட மாட்டேன் என்கிறது. தங்கையன் தோளைக் கொடுத்துத் தள்ளுகிறான்.

பலகை இழைத்துக் குவிந்து கிடக்கிறது. அவன் இழைப்பான், நான் எண் பார்ப்பேன். அதையெல்லாம் பெஞ்சாகச் சேர்த்துப் பூட்ட எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. மாதிரியையே பக்கத்துக் கடைக்காரர் தயவில்தான் பூட்டினோம். ஷார்ஜாவில் நல்ல தச்சர் ஒருவர் இருக்கிறாராம். கொஞ்சம் முன்கோபி, சுவரில் எல்லாம் எழுதுவார் என்று கேள்வி. பரவாயில்லை, எங்களுக்கு அவர்தான் வேண்டும்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மரத்துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். இங்கே வந்து ஒரு மழை பார்த்தால் அது திரும்பவும் இருபத்திரண்டு ஆகிவிடும். பெல்ட்டில் போட்ட புது ஓட்டைக்கு நான் பொறுப்பு.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

உங்கள்
பூங்கனி