சிரிக்கிற செபஸ்தியார்

நவம்பர் 24

இடுப்பில் ஒரு துண்டு, கை இரண்டும் தூணில் கட்டு, மேலெல்லாம் அம்பு மாதிரி ஒட்டவைத்த, கறி சுடுகிற குச்சிகள். இந்தக் கோலத்தில் கார் கொட்டகையில் நின்றிருந்தேன். ஏணி கேட்டு வந்த பக்கத்து வீட்டு பெனாசி அம்மா நிதானமாகப் பார்த்தாள்.

“என்ன ஒரேஸ்தே, பொண்டாட்டிய எதிர்த்துப் பேசிட்டியா?”

தொப்பையை உள்ளிழுத்தேன். ஒரு குச்சி கழன்று விழுந்தது.

எல்லாம் மகள் ஜினேவ்ராவுக்காக. கட்டிவைத்து அம்பெய்யப்பட்ட புனித செபஸ்தியாரை அவள் வரைந்த படத்தை ஓவியக் கல்லூரியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அழகாக இருக்கிறாராம், வலியே இல்லையாம். ஜனவரிக்குள் வேறு வரையாவிட்டால் இந்த வருடம் போச்சு. “போலீஸ்காரங்களுக்கு அவர்தானே பாதுகாவலர். நீங்களே நில்லுங்கப்பா” என்றாள். நான் போக்குவரத்துப் போலீஸ்; அதுவும் போலீஸ்தானே.

நவம்பர் 29

அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். எத்தனை செபஸ்தியார்கள். உடம்பெல்லாம் அம்பு, முகம் மட்டும் காபி எப்போது வரும் என்று மேலே பார்க்கிறது. ஒருவருக்கும் தொப்பை இல்லை.

“வலிச்சா ஆம்பள இவ்ளோ அழகாவா இருப்பான்?”

“அதத்தான் நானும் கேக்கறேன். நீங்க எப்படி இருப்பீங்க, காட்டுங்க.”

டிசம்பர் 6

வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கட்டுகிறாள். சந்திப்பில் கை காட்டிக் காட்டி, கோடையிலிருந்தே அந்தத் தோள் போச்சு. வீட்டில் சொல்லவில்லை. வேலையில் சொன்னால் நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள். கை மேலே போனதும் உயிர் போகிறது. பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

“அப்பா, மறுபடி சிரிக்கறீங்க.”

இதுவா சிரிப்பு?

டிசம்பர் 21

தாளைக் கிழித்துப் போட்டாள். “உங்க மூஞ்சிக்கு வலின்னா என்னன்னே தெரியல.”

என் மனைவி லோரெடானா வேறு: “தலையே போனாலும் தொப்பி நேரா இருக்கான்னுதான்டி பார்ப்பாரு உங்கப்பா.”

ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. தோளு அப்படிக் குடையுது. இவளுங்க என்னடான்னா— நானும் சேர்ந்து சிரிச்சுத் தொலச்சேன்.

டிசம்பர் 25

சூப்பை இடது கையால் குடித்தேன். ஜினேவ்ரா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 4

இனி நிற்க வேண்டாமாம். காரணம் சொல்லவில்லை. கோபமோ?

ஜனவரி 20

செபஸ்தியார் திருநாள். பூசை முடிந்து சீருடையோடே, லோரெடானாவையும் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். படம் தேறிவிட்டது. தொப்பை அப்படியே இருக்கிறது, அந்தச் சிரிப்பும். குச்சிகளைக் காணோம். ஒரே ஓர் அம்பு, வலது தோளில்.

எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். ஜினேவ்ரா என்னைப் பார்த்தாள்.

“சரியான எடம்தானப்பா?”

“தொப்பையக் கொஞ்சம் கொறச்சிருக்கலாம்.”

“நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்” என்றாள் லோரெடானா. தலையாட்டினேன்.

வலிக்குதுடா கண்ணு — வாய்வரைக்கும் வந்தது.