குறை தீர்ந்த வார்டு

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நலம்தானே? தலைமை அலுவலகத்துக்குப் போனதும் இவள் நம்மை மறந்துவிட்டாள் என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. நர்ஸிங் விடுதியில் ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்டவர்கள் நாம். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்.

அடுத்த வாரம் மருத்துவமனையின் தரச்சான்றிதழைப் புதுப்பிக்க ஆய்வுக் குழு உங்கள் கிளைக்கு வருகிறது. எல்லாக் கிளைகளின் தரத்துக்கும் நான்தான் பொறுப்பு. உன் பொது வார்டில் இரவு எத்தனை நர்ஸ் என்று கேட்பார்கள். ஐந்து பேர் என்று சொல்லிவிடு. என் மானத்தைக் காப்பாற்று.

உன்
நெட்டை

மார்ச் 14

என் நெட்டைக்கு,

கோபப்படாமல் படி. உன் பேச்சைக் கேட்கத்தான் நினைத்திருந்தேன். வார்டு பளபளத்தது. வேறு கிளையிலிருந்து நர்ஸ்களை வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதில் ஒருத்திக்குக் கழிப்பறை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

குழுவில் வந்த அம்மாள், "ராத்திரில எத்தனை பேர் இருப்பீங்க?" என்று கேட்டார்.

எதிர்க் கட்டில் காலியாக இருந்தது. போன வாரம் அதில் படுத்திருந்த பெரியவர் மூச்சு முட்டி இறந்துபோனார். அன்று இரவு நாங்கள் இருவர்தான். மறுகோடியில் ஒருவருக்கு வலிப்பு வந்து அங்கே நின்றிருந்தோம். பெரியவர் மணி அடித்தார். கேட்டது. போக முடியவில்லை.

"ரெண்டு பேருங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். கூட நின்ற நிர்வாகியின் முகம் செத்துவிட்டது.

உனக்குத் தலைகுனிவுதான். மன்னித்துக்கொள். ஆனால் இனியாவது ஆள் போடுவார்கள், இல்லையா?

வாயாடி

மார்ச் 27

அடி பாவி,

முதல் நாள் உன்னைக் கொன்றுபோடலாம் என்றிருந்தது. இப்போது ஆறிவிட்டேன். குறையைத் தீர்க்க மூன்று மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். தீர்க்காவிட்டால் சான்றிதழ் போய்விடும். அது போனால் காப்பீட்டில் வரும் நோயாளிகளும் போய்விடுவார்கள். அதனால் மேலிடம் ஏதாவது செய்தே ஆக வேண்டும். பேசிவிட்டேன். நீ நிம்மதியாகத் தூங்கு. உன் வார்டு நர்ஸ் பெண்களிடமும் சொல்.

நெட்டை

ஜூன் 9

நெட்டை,

பெண்களிடம் சொன்னேன். ஒருத்தி சந்தோஷத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கி வந்தாள்.

இன்று நிர்வாகி அளவு நாடாவோடு வந்தார். "வார்டை மூடுறோம் சிஸ்டர். முழு உடல் பரிசோதனைக்கு எடம் வேணும்" என்றார். வார்டே இல்லையென்றால் இரவு நர்ஸ் எதற்கு? குறை தீர்ந்தது.

நோயாளிகளை நாங்களே வாசல் வரை தள்ளிக்கொண்டு போனோம். எங்கே போவது என்று கேட்டவர்களுக்கு அரசு மருத்துவமனைக்கு வழி சொன்னேன். பெண்கள் எல்லோருக்கும் வேலை போயிற்று. இனிப்பு வாங்கியவள் மாசமாக இருக்கிறாள். "அஞ்சுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே சிஸ்டர்" என்றாள்.

எனக்கும்தான் வேலை இல்லை. அதைச் சொல்ல இதை எழுதவில்லை. இது உனக்கு முன்பே தெரியுமா?

ஜூலை 2

வாயாடி,

தெரியும். யோசனையே என்னுடையதுதான். ஒரு வார்டா, முழு மருத்துவமனையா என்று வந்தால் நீயும் இதைத்தான் செய்திருப்பாய். சான்றிதழ் வந்துவிட்டது. எனக்குப் பதவி உயர்வு.

உனக்காகச் சண்டை போட்டு ஓர் இடம் வாங்கி வைத்திருக்கிறேன். ஆய்வுக் குழுவுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று கிளை நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். உன் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருக்கும்போது வீம்பு பிடிக்காதே. ஆய்வுக் குழுவிடம் உண்மையை உளறியவள் என்று ஊரெல்லாம் பேராகிவிட்டது, வெளியே யாரும் உன்னை எடுக்கமாட்டார்கள். வந்துவிடு.

என்றும் உன்
நெட்டை

ஆகஸ்ட் 11

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம். தெரிந்த மருத்துவமனைகளில் எல்லாம் கேட்டுப் பார்த்தேன். என் பெயரைச் சொன்னதும் சிரித்து அனுப்பிவிடுகிறார்கள். தாங்கள் சொன்னது சரி.

பயிற்சியாளர் பணியை ஏற்றுக்கொள்கிறேன். திங்கட்கிழமை சேர்ந்துவிடுவேன். நர்ஸ்கள் என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தட்டச்சு செய்து அனுப்பிவிடுங்கள். அதைப் படித்துக் காட்டுகிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

இனி அலுவலக விஷயமாக மட்டும் எழுதவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
பயிற்சியாளர்