வேன் இஞ்சினுக்கும் ஜீப் கியருக்கும் பொருத்தம்

ஆடி 3, ஞாயிறு

காலை முழுக்க மூடுபனி. வெயில் வந்த பிறகுதான் வாசல் பலா மரமே கண்ணுக்குத் தெரிந்தது. அதன் கிளையில் வடம் கட்டி வேன் இஞ்சினை ஜீப்புக்குள் இறக்கியாயிற்று. வடத்தை நான் விட்டுக் கொடுக்க, இஞ்சினைப் பிடித்து உட்கார வைத்தவள் செல்லி. கல்யாணமான புதிதில் ஆயில் நாற்றம் என்று தள்ளிப் படுத்தவள். இன்றைக்கு எந்தப் போல்ட்டுக்கு எந்த ஸ்பானர் என்று என் பெண்டாட்டிதான் எனக்குச் சொல்கிறாள்.

யுத்தத்துக்கு வந்த ஜீப். ஏலத்தில் எடுத்தது. அதன் இஞ்சின் வெடித்துப் போனதும் ஊரே காயலான் கடைக்குப் போடச் சொன்னது. நான் போடவில்லை. அடிவாரத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு வேனின் இஞ்சினைக் கழற்றி வந்தேன். எங்கள் திண்ணனூர் நாட்டில் இப்படிச் செய்தவன் உண்டா? கொல்லிமலை முழுக்கக் கிடையாது. இது என் நோட்டு. இங்கே எதற்கு அடக்கம்.

உட்கார்ந்தது, சேரவில்லை. இஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில்தான் வம்பு. இஞ்சின் பின்னால் சுற்றும் சக்கரம், வேன் ஃப்ளைவீல், பெரிசு. ஜீப்பின் கிளச் பிளேட் அதன் மேல் அப்பளம் மாதிரி கிடக்கிறது. வேன் பிளேட்டை வைத்தால் ஃப்ளைவீலுக்குக் கச்சிதம், ஆனால் நடு ஓட்டையின் பல் ஜீப் கியர் தண்டில் ஏறவே மாட்டேன் என்கிறது.

கூப்பில் மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிற கந்தசாமி வந்து எட்டிப் பார்த்தான். (இனி லா.க. முழுப் பெயர் எழுத அவனுக்கு அவ்வளவு மரியாதை வேண்டாம்.)

"ஏனுங்க, பொண்ணு வேன் ஊடு, மாப்பிள்ளை ஜீப் ஊடு. சாதகம் பாத்தீங்களா இல்லீங்களா?"

செல்லி சிரித்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆடிப் பதினெட்டுக்குள் ஓட வேண்டும். அக்காவைக் கூட்டி வர வேண்டும். வேறு எதுவும் எனக்கு முக்கியமில்லை.

ஆடி 5, செவ்வாய்

தூறல். அக்காவைக் கட்டிக் கொடுத்த ஆலத்தூர் நாட்டுக்கு நடந்து போய் அவளைப் பார்த்தேன்.

மிளகு ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து அக்கா வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. மேடு பள்ளம் ஏறி இறங்க முடியாது. அம்மா செத்ததற்குக்கூட வரவில்லை. டோலி கொண்டு போனோம், ஏறவில்லை. "உசுரோட இருக்கறப்பவே நாலு பேரு தோள்ல ஏறோணுமா?" என்று அழுதாள். திரும்பி வந்துவிட்டோம்.

இன்று கேட்டாள்: "வண்டி ஓடுமா சாமி?"

"ஓடும்க்கா."

"நெசமாவா?"

"பதினெட்டுக்கு நீ நம்மூட்ல சோறு திங்கற."

மச்சான் குறுக்கே வந்தார். "கூட்டிட்டுப் போ. மறுநாளே கொண்டாந்து வுட்ரோணும். சாமைக் காட்டுக்கு ஆளுங்க வாராங்க, சோறாக்கறது ஆரு?" நடக்க முடியாதவள் உட்கார்ந்தபடியே பத்துப் பேருக்குச் சமைக்கிறாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஆடி 8, வெள்ளி

சேலம். வெயில் மண்டையைப் பிளந்தது. கீழே ஆடிக் காற்றில்கூட அனல்.

லேத் பட்டறை ஆசாரியிடம் இரண்டு பிளேட்டையும் வைத்தேன். யோசனை என்னுடையதுதான்: ஜீப் பிளேட்டின் நடுப்பகுதியை மட்டும் அறுத்து எடுத்து, வேன் பிளேட்டுக்கு நடுவில் ரிவெட் அடித்துவிடுவது. வெளிவட்டம் இஞ்சினுக்குப் பொருந்தும், நடுப்பல் கியருக்குப் பொருந்தும். ஆசாரி வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க படிச்சீங்க?" என்றார். எங்கேயும் இல்லை என்றேன். பஸ்ஸில் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் தள்ளி உட்கார்ந்துவிட்டாள்.

ஃப்ளைவீல் முகத்தையும் லேசாகக் கடைந்து கொடுத்தார். கண்ணாடி. முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம்.

கிளம்பும்போது பிளேட்டின் ஒரு பக்கத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார். "இந்தக் குறி மேல இருக்கோணும். மறந்துராதீங்க. திருப்பிப் போட்டா கிளச் விடாது." மறக்கக் கூடாதென்று இங்கேயும் எழுதி வைக்கிறேன். குறி மேலே.

வாங்கியது: கிரீஸ், செல்லிக்கு ரிப்பன், அக்காவுக்குச் சீட்டில் போட மெத்தைப் பஞ்சு. ரிவெட் மிச்சம் பாக்கெட்டில்.

ஆடி 11, திங்கள்

மழை இல்லை. நாள் முழுக்க வேலை.

பிளேட்டை நடு மையத்தில் நிறுத்திவிட்டுத்தான் அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை முடுக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் கியர் தண்டு உள்ளே நுழையாது. அதற்கென்று ஒரு தண்டு பட்டறைகளில் வைத்திருப்பார்கள். என்னிடம் ஏது? காப்பிக் கட்டையைச் செதுக்கினேன். காய்ந்த காப்பிக் கட்டை இரும்புக்குச் சமம். நுழைத்து, முடுக்கி, உருவினேன். கியர் பெட்டி ஒரே தள்ளில் உள்ளே போனது. 'சடக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை இன்னும் பத்துத் தரம் கேட்டாலும் சலிக்காது.

குறி மேலே வைத்தேன். சரியாக.

ஆடி 12, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை.

ஸ்டார்ட் ஆனது. ஊர் கூடிப் பார்த்தது. கிளச்சை அடிவரை மிதித்தேன். கியர் போட்டேன். வண்டி தவ்விப் போய் மரவள்ளி வேலியைத் தள்ளிக்கொண்டு நின்றது. மிதித்தாலும் கிளச் விடவில்லை. உள்ளே எதுவோ கரகரவென்று உரசுகிறது. கொண்டை ஊசி வளைவில் இப்படி ஆகியிருந்தால் அக்காவையும் சேர்த்துப் பள்ளத்தில் போட்டிருப்பேன்.

லா.க. முறிந்த வேலிக் குச்சிகளைப் பொறுக்கி ஓரமாக அடுக்கிக் கொடுத்தான். கேலி செய்திருந்தால்கூடத் தேவலை.

ஆசாரியைத் திட்டித் தீர்த்தேன். இன்னும் ஆறே நாள்.

ஆடி 13, புதன்

காற்று. பலா இலை வாசல் முழுக்க.

மறுபடி கியர் பெட்டியைக் கழற்றினோம். பிளேட்டின் நடுக் குமிழ் ஃப்ளைவீல் போல்ட்டில் உரசி மினுமினு என்று இருந்தது. குறி போட்ட பக்கம் மேலேதான் இருந்தது. செல்லியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாரு, சொன்னபடிதான போட்டிருக்கறேன்?"

அவள் வண்டியைப் பார்த்தாள், மேட்டைப் பார்த்தாள்.

"ஏனுங்க, மேலன்னா எந்த மேல?"

"மேலன்னா மேலதான். மேல ஊடு, மேல காடு. மேட்டுப் பக்கம்."

"அந்த ஆசாரி ஊர்ல மேடு எங்கீங்க இருக்குது?"

நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

ஜீப் எங்கள் வாசலில் மேட்டைப் பார்த்து நிற்கிறது. நமக்கு மேலே என்றால் மேடு, கீழே என்றால் பள்ளம். பிறந்ததிலிருந்து அப்படித்தான். குறியை மேட்டுப் பக்கம், அதாவது இஞ்சினைப் பார்த்துப் போட்டுவிட்டேன். ஆசாரிக்கு ஃப்ளைவீல் எப்போதும் மேஜை மேல் படுத்திருக்கும். அவருக்கு மேலே என்றால் வானம். ஃப்ளைவீலைக் கழற்றித் தரையில் படுக்க வைத்து, பிளேட்டைக் குறி தெரிகிற மாதிரி வைத்தேன். குமிழ் கியர் பக்கம் வந்தது. உரசல் இல்லை. அட, மலைக்காரா!

செல்லி சிரித்த சிரிப்பு மேல வீடு வரை கேட்டிருக்கும். சிரிக்கட்டும். அவள் கேட்டிராவிட்டால் பதினெட்டு போயிருக்கும்.

ஆடி 15, வெள்ளி

ஓடுகிறது. வெண்ணெய். சோளக்காட்டுச் சந்தை வரை போய் வந்தேன். ஏற்றத்தின் நட்ட நடுவில் வேண்டுமென்றே நிறுத்தினேன். பின்னால் ஒரு சாண்கூட நழுவாமல் எடுத்தேன். பார்க்க ஆளில்லை என்று இன்னொரு தரம் சந்தை வாசலில் எடுத்தேன். மிளகு மூட்டைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒருவர் தொட்டுப் பார்த்தார்.

லா.க. பேனெட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்டான். திறந்தேன். வெகுநேரம் பார்த்தான். "நல்லாத்தான் இருக்குதுங்க" என்றான். அவன் வாயிலிருந்து! இன்றைக்குச் சாப்பிடாவிட்டாலும் வயிறு நிறைந்திருக்கும்.

ஆடி 18, திங்கள்

வானம் வெளுத்திருந்தது. சொன்னேன், செய்தேன்.

அக்காவை நானும் செல்லியும் தூக்கி முன் சீட்டில் வைத்தோம். பஞ்சு மெத்தை. முதல் இறக்கத்தில் என் கையைப் பிடித்தாள். மூன்றாவது வளைவில் விட்டுவிட்டாள். அப்புறம் ஒவ்வொரு ஊரிலும் "மெதுவா போ, மெதுவா போ" என்றாள். பயமோ என்று நினைத்தேன். அல்ல, ஊர் பார்க்க வேண்டுமாம். தண்ணீர் எடுக்கிறவர்களைப் பார்த்து, "எந்தம்பி வண்டி! இவனே கோத்தது!" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

வாசலில் இறங்கியதும் அம்மா படுத்திருந்த மூலையைக் கேட்டாள். அங்கே உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் யாரையும் உள்ளே விட வேண்டாம் என்றாள். நான் வெளியே ஜீப்பில் சாய்ந்து நின்று அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, பலாப்பழம். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆடி 20, புதன்

தூறல் விட்டது. நேற்றே கொண்டு விட்டிருக்க வேண்டும். மழை என்று சாக்கு.

அக்கா வீட்டுக்குள்ளே இருக்க மாட்டேன் என்கிறாள். ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்து மொச்சை உரிக்கிறாள். போகிறவர் வருகிறவரோடெல்லாம் பேச்சு. செல்லி தலை வாரி, நான் சேலத்தில் தனக்கு வாங்கி வந்த ரிப்பனை அவளுக்குக் கட்டிவிட்டாள். "இந்த வயசுல எனக்கெதுக்கு?" "இருக்கட்டும் நங்கையா" என்று நாத்தனார் வாயை அடைத்தாள்.

மதியம் மச்சானுடைய தம்பி நடந்தே வந்து நின்றான். லா.க.வும் வாசலில் இருந்தான், பிளேட்டைப் பற்றி ஏதோ சந்தேகம் கேட்க வந்தவன்.

"அண்ணன் கூட்டியாரச் சொன்னாருங்க. காட்டுக்கு ஆளு வந்துருச்சு. அதான் ஜீப்பு இருக்குதுங்களே, ஒரு எட்டுல வுட்ரலாமுன்னாரு."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. உரித்த மொச்சையை மடியிலிருந்து முறத்தில் போட்டாள். ரிப்பனை அவிழ்க்கக் கையைத் தலைக்குக் கொண்டு போனாள்.

"வண்டி வராதுப்பா" என்றேன். "கிளச் போயிருச்சு."

லா.க. திடுக்கிட்டுத் திரும்பினான். "என்னுங்க! அதுக்குள்ளயா?"

"நான் கோத்தது தப்பு. பொருந்தல."

இன்று சாயங்காலத்துக்குள் சந்தை வரை போய்விடும் இந்தச் சேதி. மச்சான் தம்பி சக்கரத்தை ஒரு உதை உதைத்துவிட்டு, எத்தனை நாளாகும் என்று கேட்டான்.

ஆவணி ஆகும் என்றேன்.